காற்று மேலே போன ஞாயிற்றுக்கிழமை

நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மூன்று வருடம் லேபிள் ஒட்டிய பிறகு, சமுதாயக் கல்லூரியில் சேர்ந்தேன். அம்மா அனுப்பியது தையல் படிக்க. நான் பெயர் கொடுத்தது எலக்ட்ரிக்கலுக்கு. வகுப்பில் நான் ஒருத்திதான் பெண்.

விஷயம் தெரிந்ததும் அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அவளும் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவள். ஒரு பொறி விழுந்தால் என்னவாகும் என்று தெரிந்தவள்.

"வெடிக் கம்பெனியிலயே உசுரோட தப்பிச்சு வந்தவ, கரண்டுல போயி சாகணுமாக்கும்?" என்றாள்.

அடுத்த வருடம் வைகாசியில் ஆலங்குளம் பக்கமிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறவர். கரண்டைத் தொடுகிற பிள்ளையை எவன் கட்டுவான் என்று பயந்து, அம்மா நான் தையல் படிப்பதாகச் சொல்லிவிட்டாள். இது எனக்குத் தெரிந்தது அவர்கள் வருவதற்கு முந்தின நாள்தான்.

அன்று எனக்கு வேறு வேலை இருந்தது. வீட்டில் இருந்த ஒரே ஃபேன் செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. கண்டன்சரை மாற்றினால் சரியாகும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். மாற்றினேன். சுவிட்சைப் போட்டதும் பிய்த்துக்கொண்டு சுற்றியது. அம்மாகூட ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். சுற்றுகிறதே என்ற சந்தோஷத்தில் அணைத்துவிட்டேன். கீழே நின்று காற்று வருகிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். ஃபேன் முழு வேகத்தில் ஓடியது. ஒருவர் தலைமுடிகூட அசையவில்லை. மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளையின் அப்பா துண்டை எடுத்து விசிற ஆரம்பித்தார். கூரையில் பல வருடமாக ஒட்டியிருந்த ஒட்டடை மட்டும் பிய்ந்து ஒவ்வொன்றாக இறங்கியது. ஒன்று மாப்பிள்ளையின் கேசரியில் விழுந்தது.

"காத்து மேல போகுதோ?" என்றார் அவர், அண்ணாந்து பார்த்து.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. காபித் தட்டைக் கீழே வைத்தேன்.

"ரெண்டு வயரு மாறிக் கெடக்கு. அஞ்சு நிமிசம் பொறுங்க."

அம்மா கண்ணாலேயே என்னை எரித்தாள். நான் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டூலில் ஏறினேன். அது ஆடியது. மாப்பிள்ளை எழுந்து வந்து பிடித்துக்கொண்டார்.

"தையலு படிக்கிற பிள்ளைக்கு இம்புட்டு தெரியுமா?" என்றார் அவருடைய அம்மா.

"இப்பல்லாம் மிசினு கரண்டுல ஓடுதுல்ல மதினி, அதையும் சேத்துத்தான் சொல்லிக் குடுக்காக" என்றாள் அம்மா, கொஞ்சமும் யோசிக்காமல்.

மாப்பிள்ளை கீழேயிருந்து மெதுவாகக் கேட்டார்: "நெசமாவே என்ன படிக்கீக?"

"எலக்ட்ரிக்கல்."

அவர் சிரித்த சிரிப்பில் ஸ்டூல் இன்னும் ஆடியது. நான் சொன்னது பாயில் இருந்தவர்கள் காதிலும் விழுந்துவிட்டது.

வயரை மாற்றிப் போட்டு இறங்கினேன். ஃபியூஸைச் சொருகியதும் காற்று கொட்டியது. நெற்றியெல்லாம் தூசியோடு நின்ற எனக்கு அழுகைதான் வந்தது. ஏழு பேர் முன்னால் பொய்யும் உடைந்துபோனதே என்ற வெட்கம். மாப்பிள்ளையின் அம்மா ஃபேனுக்கு நேர் கீழே நகர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, சேலையை உதறிவிட்டுக்கொண்டார்.

"பொய் சொன்னது தப்புத்தான் மதினி. ஆனா காத்து நல்லா வருது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "படிப்ப முடி தாயி. பொறவு தேதி பாப்போம்."

படிப்பை முடித்தேன். தை மாதம் கல்யாணம். நான் அங்கே போன மூன்றாம் நாளே மாமியார் வீட்டு கிரைண்டர் நின்றுவிட்டது. மாமியார் பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு என்னைப் பிரிக்கச் சொன்னார். பிரித்தேன், சரிபார்த்தேன், மறுபடி பூட்டினேன். இரண்டு திருகாணி மிச்சம் வந்தது. யாரும் பார்க்குமுன் உள்ளங்கையில் மூடிக்கொண்டேன். அவை எங்கே போகவேண்டியவை என்று எனக்கு இன்னும் தெரியாது. கிரைண்டர் ஓடுகிறது.