எந்தத் தெரு

ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்யும் உச்சிமாகாளி யாரோடும் நெருங்க மாட்டான். பழகினால் ஊரைக் கேட்பார்கள், பிறகு தெருவைக் கேட்பார்கள், தெருவை வைத்துச் சாதி தெரிந்துவிடும். அந்தப் பயத்திலேயே அறை அறையாக மாறினான். அறையில் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுச் சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பான்.

புதிதாக அறைக்கு வந்த மாரிராஜும் அவனைப் போலவே தென்காசிப் பக்கத்துக்காரன். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு வைத்து, அவனையும் சாப்பிடக் கூப்பிட்டான். பாதிச் சாப்பாட்டில் கேட்டான். "அண்ணே, ஊர்ல எந்தத் தெரு?"

வழக்கமான பொய்யைச் சொல்ல வாயெடுத்த உச்சிமாகாளிக்குத் தன்மீதே ஆத்திரம் பொங்கியது.

"காலனி. சாதியத்தான கேக்க? நேராவே கேளுல."

"சும்மாதாம் கேட்டேன்" என்று முணுமுணுத்த மாரிராஜ், தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தான்.

இவனைப் போன்றவர்களுக்குப் பயந்தா இத்தனை வருஷம் ஊமையாகக் கிடந்தோம் என்று உச்சிமாகாளிக்குக் கொதித்தது. எழுந்திருக்காமல், குழம்பை இன்னும் ஊற்றிச் சாப்பிட்டான்.