கழுத்தில் ஏறிய காசு

ஏகாம்பரத்துக்கு எங்கள் ஊரில் கம்பிக்காரன் என்று பேர். புத்தலப்பட்டுக்கு மேற்கே, தாது வருஷப் பஞ்சத்தில் உழுதவர்கள் விட்டுப்போன கொல்லை ஒன்று தரிசாகக் கிடந்தது. மழை விட்டால் போதும், இரும்புக் கம்பியோடு அதில் இறங்கிவிடுவான். குத்துவான், காதைச் சாய்த்துக் கேட்பான். கல்லென்றால் ஒரு சத்தம், காசென்றால் ஒரு சத்தமாம். பன்னிரண்டு வருஷத்தில் கிடைத்தது கொஞ்சம் செல்லாத செப்புக்காசும் ஒரு மாட்டு லாடமும். நான் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் அல்லவா? ஒவ்வொன்றையும் என்னிடம் நீட்டி, "இது எந்த ராஜா காசு, வாத்தியாரே?" என்பான். எனக்கு என்ன எழவு தெரியும்? வாய்க்கு வந்த ராஜாவைச் சொல்லி அனுப்புவேன்.

அவனுக்கு வேண்டியது ராஜா இல்லை, அந்தக் கொல்லைதான். பரம்பரையாக அடுத்தவன் நிலத்தில் ஏர் பிடித்த குடும்பம். கொல்லைக்குச் சொந்தக்காரர் சின்னசாமி சித்தூரில் இருந்தார். "தை பொறக்கறதுக்குள்ள கிரயத்தைக் கொண்டா, உன் பேருக்கே எழுதறேன். இல்லாட்டி வேற ஆளு காத்துக்கினு இருக்கான்" என்று சொல்லிவிட்டார்.

அவன் பெண்சாதி ரத்னம்மாவுக்கு வேண்டியது வேறு. கல்யாணத்தில் பொன்னுக்கு வழியில்லாமல் மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சளைக் கோத்துத்தான் தாலி கட்டினான். "ஒரு மழை பேயட்டும், பொன்னுல போடறேன்" என்றான். பன்னிரண்டு மழைக்காலம் போயிற்று. விசேஷ வீடுகளில் முந்தானையைக் கழுத்தோடு இழுத்துச் சுற்றிக்கொண்டு உட்காருவாள், பாவம்.

அந்தக் கார்த்திகையில் கம்பி பேசிவிட்டது. ரூபாய் அகலத்தில், கனமான பொற்காசு. எந்தக் காலத்து மகராசியோ கழுத்தில் போட்டிருந்தாள் போல, மேலே ஒரு ஓட்டை வேறு. சித்தூர் ஆசாரி உரைத்துப் பார்த்து, அசல் பொன் என்றார். கொல்லை கைக்கு வந்த மாதிரிதான். ஆனால் ஆசாரியின் வாய் சும்மா இருக்குமா? மூன்றாம் நாளே ரெவின்யூ இன்ஸ்பெக்டரும் கிராம முன்சீப்பும் கிளம்பி வந்துவிட்டார்கள். புதையலைச் சர்க்காரிடம் காட்டாமல் மறைத்தால் ஜெயில்.

தெருமுனையில் தலைப்பாகைகளைக் கண்டதும் ஏகாம்பரம் வீட்டுக்குள் ஓடினான். மஞ்சளை அறுத்தெறிந்து, காசைக் கோத்து, பெண்சாதி கழுத்தில் மூன்று முடிச்சுப் போட்டுவிட்டான்.

"ஏமிரா, எக்கட அது? எங்கே அந்தக் காசு?" என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு ரத்னம்மாவின் கழுத்தைப் பார்த்தார். "கழட்டச் சொல்லு."

"தாலி சாமி! நான் உசுரோட இருக்கசொல்ல எப்படிக் கழட்டுவா? என்னைக் கொன்னுட்டுக் கழட்டிக்கோ!" என்று ஊரே கேட்கக் கத்தினான். பெண்கள் கூடிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரனான நானும் போய் நின்றேன். ரத்னம்மா யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஓவென்று அழுதாள்.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "நீ வேதக்காரன், பொய் சொல்ல மாட்டாய். அது தாலியா?"

"தாலிக்கயிற்றில்தான் இருக்கிறது, ஐயா. அவன் கட்டியதுதான்" என்றேன். இதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அவர் திருப்பதிக்காரர். கோவிந்தா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, புதையல் ஏதும் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஏகாம்பரம் சித்தூருக்குக் கிளம்பி, பெண்சாதியிடம் கையை நீட்டினான். நான் வேலிக்கு இந்தப் பக்கம் பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"குடும்மே."

"இன்னாத்த?"

"காசு."

"காசு எங்க கீது? தாலிதான் கீது."

"வெளையாடாத. தை பொறந்தா கொல்ல போயிடும்."

"நேத்து ஊர் முன்னால நீதான சொன்ன, நீ உசுரோட இருக்கசொல்ல கழட்டக் கூடாதுன்னு? பன்னெண்டு வருசம் மஞ்சக் கெழங்கைக் கட்டிக்கினு எத்தினி வீட்ல கூனிக் குறுகி உக்காந்தேன், தெரியுமா? நெலத்த எவனாச்சும் வாங்கட்டும். எனக்கு நீயும் வேணும், இதுவும் வேணும். கழட்ட மாட்டேன், போ!"

அவன் என்னைப் பார்த்தான். சாட்சி சொன்ன வாயில் வேப்பங்குச்சியை வைத்துக்கொண்டு நான் வீட்டுக்குள் போய்விட்டேன்.

தையில் கொல்லை கைமாறியது. புது முதலாளி ஏகாம்பரத்தையே அதில் கூலிக்கு வைத்தார். மண்ணை அவ்வளவு அறிந்த ஆள் வேறு யார்? மத்தியானம் ரத்னம்மா கூழ் கொண்டுவருவாள். ஊற்றக் குனியும்போது காசு அவன் மூக்குக்கு நேரே வந்து ஆடும்.

அடுத்த மழை விட்டதும் பார்த்தால், மறுபடியும் கம்பியோடு நிற்கிறான்.

"இன்னுமா ஏகாம்பரம்?" என்றேன்.

"இந்த வாட்டி கெடைக்கட்டும், வாத்தியாரே," என்று கம்பியைக் குத்தினான். "என் கழுத்துலயே கட்டிக்கிறேன்."