அம்மாவின் முதுகும் தம்பியின் பேக்கேஜும்

உடம்பில் கொழுப்பு எவ்வளவு, எலும்பு எவ்வளவு கெட்டி என்று சொல்லும் ஸ்கேனை எடுக்கலாமா என்று யாராவது என்னிடம் கேட்டால் முதலில் கோபம்தான் வரும். கேட்கிறவர் மீது அல்ல. குவைத்தில் இருக்கிற என் தம்பி மீது.

இரண்டாயிரத்துப் பத்தைத் தாண்டிய சமயம். வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் அம்மாவுக்குப் போர்வையும் தைலமும் கொடுத்துவிடுவது போய், உடம்பு முழுக்கப் பரிசோதிக்கிற 'ஃபுல் பாடி பேக்கேஜ்' எடுத்துக் கொடுப்பது எங்கள் குளச்சலில் பெருமையாகியிருந்தது. ஒரு வீட்டில் எடுத்துவிட்டால் அடுத்த வீட்டுக்காரனுக்குத் தூக்கம் வருமா? தம்பியும் நாகர்கோவிலில் ஒரு ஸ்கேன் சென்டரில் புக் செய்துவிட்டுத்தான் என்னிடமே சொன்னான்.

அம்மாவுக்கு அதற்கு வெகுநாள் முன்பே கீழ்முதுகில், பாவாடை கட்டும் இடத்தில் தீராத வலி. தலைச்சுமடாக மீன் விற்று எங்கள் இருவரையும் வளர்த்தவள். முந்தின மழைக்காலத்தில் முற்றத்தில் வழுக்கிக் கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டார்கள், எலும்பு கூடியது, அதோடு எல்லோரும் மறந்துவிட்டோம். முதுகு வலியைத் தம்பி நம்பவே இல்லை. போனில் அவள் தொடங்கினாலே, "வீட்டு வேலைக்கு ஆள் வேணும்னா நேரே சொல்லும்மா. இப்பிடி அழாத" என்பான். பெற்ற பிள்ளை பேசுகிற பேச்சா இது? அம்மா போனை என்னிடம் தந்துவிடுவாள்.

சென்டரில் முதலில் கொழுப்பு அளக்கும் ஒரு மெஷினில் வெறுங்காலோடு ஏற்றினார்கள். பிறகு எலும்பு ஸ்கேனுக்காக மேசையில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். அங்கிருந்த பெண் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "நகையெல்லாம் கழட்டியாச்சா?" என்றாள். கம்மலும் சங்கிலியும் அப்போதே என் கையில் இருந்தன. "ஆச்சு மக்ளே" என்றாள் அம்மா.

ரிப்போர்ட் கல்யாணப் பத்திரிகை போல வழவழவென்று வந்தது. கொழுப்பு கூடுதல், தினமும் நடக்க வேண்டும் என்று அறிவுரை. கடற்கரையிலிருந்து உள்ளூர்களுக்கெல்லாம் சுமையோடு நடந்தே தேய்ந்தவளுக்கு இவர்கள் நடக்கச் சொல்லித் தருகிறார்கள்! எலும்பு மட்டும் பச்சைக் கட்டத்தில் இருந்தது. வயதுக்கு மீறிய உறுதியாம்.

"பாத்தியாக்கா? அம்மைக்க எலும்பு எனக்க எலும்ப விட உறுதி. நோவுமில்ல, ஒரு மண்ணுமில்ல. மெஷினே சொல்லியாச்சு, இனி என்ன பேச்சு?" என்றான் தம்பி. சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு இதையே சொன்னான். அன்றிலிருந்து அம்மா வலி என்ற சொல்லையே விட்டுவிட்டாள். நான் தடுக்கத் தடுக்க முற்றம் பெருக்கினாள், துணி துவைத்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு கோயில் வரை நடந்தாள். அவள் முகம் கோணுவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வழவழப்புத் தாளை அடுப்பில் வைக்கத் தோன்றும்.

ஒரு நாள் காலையில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. அப்படி அவள் அலறி நான் கேட்டதே இல்லை. ஆட்டோவில் கிடத்தி நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முதுகெலும்பில் ஒரு கண்ணி புதிதாக நொறுங்கியிருந்தது. அதன் கீழே இன்னொன்று எப்போதோ நொறுங்கி அமுங்கிப் போயிருந்தது. அந்தப் பழையதின் மேலேயே முட்டை வடிவில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

"இது என்ன?" என்றார்.

"வேளாங்கண்ணி மாதா" என்றாள் அம்மா, படுத்தபடியே.

நோவுகிற இடத்தில் மந்திரித்த சுரூபத்தை, மாதா உருவம் பொறித்த உலோக வில்லையை, குத்தி வைப்பது எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வழக்கம். அம்மா காசளவு மாதா சுரூபத்தைப் பெரிய ஊக்கில் கோத்து, உள்பாவாடைப் பட்டியின் பின்புறம், வலிக்கு நேராகக் குத்தியிருந்தாள்.

"முன்னால ஸ்கேன் எடுத்தப்பவும் இருந்ததா?" என்றார் டாக்டரம்மா, நான் கொண்டு போயிருந்த பழைய ரிப்போர்ட்டைப் புரட்டியபடி.

"பின்ன? அந்தப் பிள்ள நகையத்தான கழட்டச் சொன்னா. மாதா நகையா?"

மெஷின் மாதாவையும் எலும்பென்று சேர்த்து எண்ணியிருக்கிறது. அமுங்கின எலும்பும் கெட்டியானது போலத்தான் காட்டுமாம். அந்த ஸ்கேன் படத்தை சென்டரில் யாராவது ஒரு தடவை கண் திறந்து பார்த்திருந்தால் போதும். எவர் பார்த்தார்?

"எலும்பு ஸ்கேன் இவங்களுக்கு வேணும்தான். கை முறிஞ்சப்பவே ஒழுங்கா எடுத்து மருந்து தொடங்கியிருக்கணும். கொழுப்பு ஸ்கேன் எதுக்கு?" என்றார் டாக்டரம்மா. நானும் இப்போது கேட்கிறவர்களிடம் இதையேதான் சொல்கிறேன். முதலில் ஒரு டாக்டர் உட்கார்ந்து உங்கள் கதையைக் கேட்கட்டும். பிறகு அவர் சொன்னால் எடுங்கள். வெளிநாட்டிலிருந்து சென்ட் பாட்டில் அனுப்புகிற மாதிரி அனுப்புகிற சாமான் இல்லை அது.

டாக்டர் போனதும் அம்மா அழுதாள். வலி தாங்கவில்லை என்று நினைத்து அருகில் குனிந்தேன். அவள் என் கையை இறுகப் பிடித்தாள்.

"அப்போ நெசமாட்டே முறிஞ்சிருக்கு, இல்லியா மக்ளே? நான் கள்ளம் சொல்லல்ல. அவனுக்கிட்ட சொல்லு."

அங்கேயே போன் போட்டுச் சொன்னேன். எக்ஸ்ரேயில் என்ன தெரிந்தது என்று இரண்டு தடவை கேட்டான். பிறகு தம்பி, "இப்பம் நான் என்னக்கா செய்யணும்?" என்றான்.

"நோவுதாம்மான்னு கேளு. வேற ஒண்ணும் பேசாத" என்று சொல்லி, போனை அம்மாவின் காதில் வைத்தேன்.