ஆளில்லாத நாளில் வெட்டிய வேலி

ஐயா,

இலங்கை மலைநாட்டிலிருந்து தங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறேன். சொந்த ஊர் சேரன்மகாதேவி. இங்கே வந்து முப்பது ஆண்டாகிறது. கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஊர்ப்பக்கம் போகாமல் இவ்விடத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் மாடியை மேற்பார்த்து வருகிறேன். இந்தச் சித்திரையில்தான் சிங்களவர் கிராமத்தை ஒட்டி எனக்கு ஒரு வீடும், கறிகாய் போடத் துண்டு நிலமும் விட்டிருக்கிறார்கள். அடுத்த நிலம் பண்டா என்னும் குடியானவருடையது. நடுவே செடிவேலி. ஆடி மாதத்தில் ஒரு மாலை வேலை முடிந்து வந்தபோது, அவ்வேலி இருபுறமும் ஒழுங்காக வெட்டப்பட்டிருக்கக் கண்டேன். என் பக்கத்துத் தழையும் கூட்டி மூலையில் குவித்திருந்தது. உடனே குனிந்து வேலியின் தூர் நகர்ந்திருக்கிறதா என்று பார்த்தேன்.

காரணம் நம் பக்கத்தாருக்கு விளங்கும், மற்றோருக்காகச் சொல்கிறேன். நம் வயல்களில் கார், பிசானம் என்று ஆண்டுக்கு இரு விளைச்சல். ஒவ்வொரு நடவுக்கு முன்னும் வரப்பின் பக்கங்களை மண்வெட்டியால் கழித்துச் சேறு பூசுவது வழக்கம். அன்று இரு வயல்காரரும் ஆளுக்கொரு பக்கம் நிற்கவேண்டும். மற்றவன் இல்லாத நாளில் கழிக்கிறவன், தன் பக்கம் இரண்டு விரல் சீவி, அந்தச் சேற்றை எதிர்ப்பக்கத்தில் அப்பிவிடுவான். இப்படியே வரப்பு மெல்ல நடந்து அடுத்தவன் வயலுக்குள் போய்விடும். ஆகையால்தான் என் தகப்பனாரும் சிற்றப்பாவும் பாகம் பிரித்த நாளில், எல்லைக்கு அடையாளமாக வரப்பின் கீழே தொடை ஆழத்துக்குத் தோண்டி, மக்காத பொருளாகிய அடுப்புக்கரியையும் ஓட்டுத் துண்டுகளையும் வரிசையாகப் புதைத்தார்கள்.

“என்னய நம்பலையா அண்ணாச்சி?” என்றார் சிற்றப்பா.

“நம்புதேன்லே. கரியையும் போடுதேன்,” என்றார் தகப்பனார்.

“அப்பம் இன்னும் ரெண்டு கூடை போடுங்க. நானும் ஒங்கள அம்புட்டுதான் நம்புதேன்.”

நான் இரண்டு வகுப்புக்கு மேல் படித்தவனல்லன். அட்டை கிழிந்த அகராதி ஒன்றே எனக்கு ஆசான். வேலிக்கு ஆங்கிலர் வழங்கும் ஃபென்ஸ் என்ற சொல்லை அதில் தேடினேன். அது டிஃபென்ஸ், அதாவது தற்காப்பு என்ற சொல்லின் தலை போய் எஞ்சி நின்ற உடலாம். பிரெஞ்சின் வழியாக லத்தீனிலிருந்து வந்தது. அடிப்பொருள், வருகிறவனை அடித்து விலக்குதல். வாட்போர்ப் பயிற்சிக்கும் அச்சொல்லிலிருந்தே பெயர். துரை தொழிற்சாலையைச் சுற்றி முட்கம்பி இழுத்தபோது, யாரைத் தடுக்க என்று கேட்டேன். மாட்டை என்றார். கம்பியோ ஆளுயரம். ஆகவே, வேலி வைத்தவன் எவனும் எதிரே ஒரு பகைவனை எண்ணியே வைக்கிறான் என்று முடிவு செய்தேன்.

ஊரிலிருந்து கொண்டுவந்த பனைநார்க் கயிறு ஒன்று என்னிடம் உண்டு. எங்கள் வயலிலுள்ள நாவல் மரத்தின் தூரிலிருந்து வரப்பு வரையுள்ள ஐந்து முழத்துக்கு அதில் ஒரு முடிச்சு இருந்தது. வீட்டுச் சுவரிலிருந்து பண்டாவின் வேலிவரை அளந்து இன்னொரு முடிச்சுப் போட்டேன். தினமும் காலையில் அளந்தேன். ஐந்தாம் நாள் அவர் பார்த்துவிட்டார்.

“ஐயா, ஒவ்வொரு நாளும் என்ன அளக்கிறது?”

“வேலி நவுந்திருக்கான்னு பாக்கேன்.”

அவர் செடிகளைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். “நல்ல இறுக்கம்தானே. விழாது.”

“நான் இல்லாதப்பம் ஏன் வெட்டுனீரு?”

“ஐயா இருக்கிற நேரம் வெட்டினா ஐயாவும் வெட்ட வருவீங்கதானே. ஐயாவுக்கு வயசு போச்சு.”

நான் நம்பவில்லை. நான்கு மாதம் அளந்தேன். அதற்குள் அவர் மேலும் இருமுறை வெட்டினார். முடிச்சுக்கும் வேலிக்கும் ஒரு விரல் இடைவெளிகூட விழவில்லை.

கார்த்திகையில் ஊரிலிருந்து கடிதம் வந்தது. சிற்றப்பா மகன் சங்கரலிங்கம் எழுதியிருந்தான்: அண்ணாச்சி அவர்கள் வரச் சிரமப்பட வேண்டாம், வழக்கம்போல் வரப்பை நானே கழித்துப் பூசிவிட்டேன். அந்த ‘வழக்கம்போல்’ என்ற சொல்லில் என் கண் நின்றுவிட்டது. என் வயலைக் குத்தகைக்கு உழுபவன் வெளியூரான், எல்லை அறியான். சில நாள் கழித்து, ஊருக்குப் போய்த் திரும்பிய எங்கள் தெரு வேலாயுதத்தை விசாரித்தேன்.

“ஒங்க நாவ மரம் இப்பம் வரப்பு பக்கத்துல வந்து நிக்கி அண்ணாச்சி. மூணு முழம் இருந்தா அதிகம். மரம் நடந்துச்சோ வரப்பு நடந்துச்சோ, ஒங்க தம்பிகிட்டதான் கேக்கணும்.”

சென்ற வாரம் பண்டா சந்தைக்குப் போயிருந்த பகலில், வேலியின் இருபுறத்தையும் நானே வெட்டித் தழையைக் கூட்டி வைத்தேன். வெட்டும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன் என்பதையும் மறைக்கவில்லை.

கயிறு வாசல் ஆணியில் தொங்குகிறது. இவ்விடத்து முடிச்சை இப்போது நான் அளப்பதில்லை. அவ்விடத்து முடிச்சை அளக்க எனக்கு இனிக் கடல் தாண்ட வலுவில்லை. என் பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள், அவ்வயலை மிதித்ததில்லை. கரி இருக்குமிடம் சங்கரலிங்கத்துக்கும் தெரியும். தோண்டி எடுத்தாலும் எடுப்பான். ஆகையால் எழுதி வைக்கிறேன்: நாவல் மரத் தூரிலிருந்து நேர்வடக்கே ஐந்து முழம், தொடை ஆழம், கரியும் ஓட்டுத் துண்டும். ஐயா, இக்காகிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.