பஸ்ஸில வந்த விரால்

மனிசியின்ர வயித்தில அப்ப மூண்டு மாசப் பிள்ளை. கடல் மீன் மணம் வந்தால் சத்தி எடுப்பாள். நானோ கடல்காரன். கிணத்தடியில ரெண்டு தரம் சவுக்காரம் போட்டுக் குளிச்சிட்டுத்தான் வீட்டுக்குள்ள வருவன். அப்பவும் "தள்ளிப் போங்கோ" எண்டுவாள். சோறு இறங்கேல்ல. ஆள் மெலிஞ்சு போனாள். எனக்குப் பயம் பிடிச்சிட்டுது.

ஒருநாள் சொன்னாள்: "குளத்து விரால் எண்டால் தின்னுவன்."

அவளின்ர ஊர் அடம்பன் பக்கம், வயலும் குளமும். எங்கட தீவில குளத்து மீனெண்டால் சேத்து மணம் எண்டு மூக்கைச் சுழிப்பம். நானும் சுழிச்சவன்தான். அடுத்தநாள் விடிய பஸ் ஏறினன்.

அவளின்ர தம்பி வயல்காரன். தூண்டிலில சின்னத் தவளை கொழுவித் தந்து, தாமரை இலைகளுக்கு நடுவில இழுக்கச் சொன்னான். அலையில்லாத தண்ணியில எனக்கு நிக்கத் தெரியேல்ல. ரெண்டு தரம் சேத்துக்குள்ள வழுக்கி விழுந்திட்டன்.

"அத்தான், நீந்தாதேங்கோ. முழங்காலளவு தண்ணிதான்."

மத்தியானம் கிட்ட ஒண்டு இழுத்துது. கை நீளத்துக்கு விரால். நான் கத்தின கத்தில கொக்கெல்லாம் எழும்பிப் போச்சு. கடலில எவ்வளவோ பிடிச்சனான், ஒருநாளும் கத்தினதில்லை.

"தலையில ஒண்டு போட்டிட்டுக் கொண்டுபோங்கோ, அத்தான்."

"எனக்கே மீனைப் பற்றிச் சொல்லுறாய்?"

எங்கட மீன் வள்ளத்துக்குள்ள விழுந்தால் கொஞ்ச நேரத்தில முடிஞ்சிடும். இதுவும் அப்பிடித்தான் எண்டு நினைச்சு, அடிக்காமலே உரப்பையில போட்டு, பஸ்ஸில சீற்றுக்குக் கீழ வைச்சன்.

பாதி வழியில முன் சீற்று அம்மா எழும்பி, "மாதாவே, பாம்பு!" எண்டா.

குனிஞ்சு பாத்தன். பை வெறுமை.

"பாம்பில்லை அம்மா, என்ர விரால்!"

சனமெல்லாம் கால் சீற்றுக்கு மேல. நான் நாலு காலில. கொண்டக்டர் டிக்கற் கட்டை வாயில கவ்விக்கொண்டு பாய்ஞ்சார். அது அவற்ற சப்பாத்துக்கு மேலால வழுக்கி, படியால வெளியில போயிட்டுது.

"நிப்பாட்டுங்கோ!"

"ஏன் அண்ணை, மீன் இறங்கிற இடம் வந்திட்டுதோ?" எண்டார் றைவர்.

"மனிசி பிள்ளைத்தாச்சி. ஒண்டும் சாப்பிடுறாளில்லை. இதைத்தான் கேட்டவள்."

ஒருத்தரும் சிரிக்கேல்ல. பிறேக் விழுந்துது. பாம்பு எண்டு கத்தின அம்மாதான் முதல் இறங்கினா, சீலையைச் செருகிக்கொண்டு. பிறகு பஸ் முழுக்க வயல் வாய்க்காலுக்குள்ள.

"அங்க!"

"இஞ்ச!"

"அது மீனில்லை, என்ர கால்!"

கடைசியில நான் அதுக்கு மேல குப்புற விழுந்தன். பஸ்ஸே கை தட்டிச்சுது. மிச்ச வழி முழுக்க அதை மடியில வைச்சுக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு வந்தன். அந்த அம்மா தன்ர போத்தில் தண்ணியை அதின்ர தலையில ஊத்திக்கொண்டே வந்தா.

வீட்டு வாசலில நிண்டன். உச்சி முதல் உள்ளங்கால் வரை சேறு. "தள்ளிப் போங்கோ" எண்டுவாள் எண்டு பாத்தன். கிட்ட வந்து மணந்து பாத்தாள்.

"எங்கட குளத்து மணம்" எண்டாள். சிரிக்கத் துவங்கினவள் நிப்பாட்டேல்ல.

விராலின்ர தலையில ஒரே அடி, அவள்தான் போட்டாள். சோறு ரெண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டாள்.

அண்டைக்கு நான் குளிக்கேல்ல.