இரண்டு உயரத்துக்கு ஒரு சைக்கிள்

மார்கரெட்டின் தலை அவள் கணவன் கிருபாகரனின் நெஞ்சுவரைகூட எட்டாது. தாலி கட்ட அவன் குனிந்த குனிவைப் பார்த்து சர்ச்சில் பின்வரிசையே சிரித்தது. அந்தச் சிரிப்பு அவர்களை ஒன்றும் செய்யவில்லை. பாடாய்ப்படுத்தியது சைக்கிள்தான்.

படாளத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது அவர்கள் ஊர். வீட்டில் இருந்தது ஒரே ஒரு லேடீஸ் சைக்கிள். மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் கிருபாகரனுக்கு எப்போதும் இரவு ஷிஃப்ட். சாயங்காலம் சீட்டை உயர்த்திக்கொண்டு ஜிஎஸ்டி ரோட்டுக்குப் போவான். டீக்கடை ஓரம் சைக்கிளைப் பூட்டிவிட்டுக் கம்பெனி பஸ் ஏறுவான். காலையில் அவன் வீடு வந்து இறங்கியதும் மார்கரெட் ஸ்பேனரால் போல்ட்டைத் தளர்த்தி, சீட்டை அடிவரைக்கும் இறக்கி, ஏறிக்கொண்டு பறப்பாள். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியில் பிள்ளைகளுக்குக் காலை உணவு சமைப்பது அவள் வேலை. கூடச் சமைக்க ஜோதிலட்சுமி இருந்தாலும் சாமான் அறைச் சாவி மார்கரெட்டிடம்தான்.

அதனால் பஸ் கொஞ்சம் தாமதித்தாலும் அவள் தெருவையே பார்த்துக்கொண்டு நிற்பாள். டீகூடக் குடிக்காமல் வருகிற பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். அவர்கள் முகம் கண்முன் வந்து நிற்கும்.

அன்று இரவெல்லாம் மழை. பஸ் வரத் தாமதமாகிவிட்டது. மார்கரெட் வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். கடைசியில் நனைந்துபோய் வந்து சேர்ந்தான் கிருபாகரன்.

"இன்னா மாமா இம்மாம் லேட்டு? பசங்க வந்துருக்கும்."

"சிங்கபெருமாள் கோயிலாண்ட ஒரே டிராபிக். இரு, நானே எறக்கித் தரேன்."

போல்ட் அசையவில்லை. தினமும் திருகித் திருகி அதன் முனை மழுங்கிப்போயிருந்தது. ஓட்டும்போது சீட் இறங்கிவிடுகிறதே என்று முந்தின நாள் அவன்தான் பலம் கொண்டமட்டும் முறுக்கியிருந்தான். சுத்தியலால் தட்டியும் ஸ்பேனர் வழுக்கிக்கொண்டே போனது.

"வுடு மாமா, நடந்தே போறேன்."

"நடந்தா எப்ப போய் சேருவ? பின்னாடி குந்து."

அவள் கேரியரில் உட்கார்ந்தாள். அவன் முதுகு அவளுக்கு முன்னால் சுவர் மாதிரி நின்றது, பாதையே தெரியவில்லை. ஏரிக்கரை மேல் ஏறியதும் சக்கரம் சேற்றில் நெளிந்தது. ஒரு பக்கம் நிரம்பிக் கிடந்த ஏரி. கொஞ்சதூரம் போனதும் தண்ணீர் கிட்டே வருவதுபோல் இருந்தது.

"மாமா, ஓரமா போவுது பாரு."

அவன் கால்கள் மட்டும் மிதித்துக்கொண்டிருந்தன.

"மாமா!"

கரையின் விளிம்பைக் கண்டதும் அவள் குதித்துவிட்டாள். கேரியரைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், கை நழுவியது. சைக்கிள் சரிவில் இறங்கி, அவனைக் கருவேலம் புதரில் தள்ளிவிட்டுத் தண்ணீரில் முன்சக்கரத்தை நனைத்துக்கொண்டு நின்றது.

அவள் சறுக்கிக்கொண்டே இறங்கினாள். அவன் கையிலும் கன்னத்திலும் முள் கீறி ரத்தம். அவன் திருதிருவென்று விழித்தான்.

"தூங்கிட்டியா?"

"கண்ணு சொருகிடுச்சி."

"தலைல அடிபட்டுச்சா? சொல்லு."

"இல்ல மே." வேறெங்கோ பார்த்தபடி சொன்னான்: "போன வாரமும் ஒரு தபா இப்டித்தான். மெயின் ரோட்ல. லாரிக்காரன் ஹாரன் அடிச்சான், முழிச்சிக்கினேன்."

இத்தனை நாளும் காலையில் அவள் காத்திருந்தது சைக்கிளுக்காகத்தான் என்பது அப்போது அவளுக்கு உறைத்தது. அழுவதற்கு நேரமில்லை. சாவி இடுப்பில் இருந்தது. அவனை அங்கே விட்டுப் போகவும் மனம் வரவில்லை. ஒரு கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, இன்னொரு கையால் அவனைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

பள்ளியில் பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ஜோதிலட்சுமி அடுப்பைப் பற்றவைத்து வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்திருந்தாள். மார்கரெட் கிளறிய ரவை அன்று கட்டி தட்டிப்போனது. கரண்டியைப் போட்டுவிட்டு அடிக்கடி வராந்தாவுக்கு ஓடினாள். அங்கே கிருபாகரன் அசையாமல் கிடந்தான். தலையில் உள்ளுக்குள் ஏதாவது ஆகியிருக்குமோ? தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இன்னா?"

"ஒண்ணுமில்ல. தூங்கு."

முதல் மணி அடித்த பிறகுதான் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்தார்கள். இனிமேல் இப்படி ஆகக்கூடாது என்று தலைமையாசிரியை கறாராகச் சொன்னார். மார்கரெட் தலையாட்டினாள். சாயங்காலமே சைக்கிள் கடையில் போல்ட்டை அறுத்து எடுக்கச் சொல்லி, சீட்டைத் தன் உயரத்துக்கு இறக்கிப் புது போல்ட் போடவைத்தாள்.

"அப்ப நானு?" என்றான் கிருபாகரன்.

"போறப்போ யார் பைக்லயாவது ஏறிக்க. வர்றப்போ நான் வந்து இட்டாறேன். பஸ் லேட்டுன்னா போன் பண்ணிட்டு டீக்கடை பெஞ்சிலயே படு. தூங்கி எழுந்து நடந்து வா."

"நீ என்னை வெச்சு மிதிப்பியா? சிரிப்பாங்க மே."

"சிரிக்கட்டும்."

இப்போது காலையில் அவள்தான் பஸ் நிறுத்தத்துக்குப் போகிறாள். கேரியரில் அவன் உட்கார்ந்தால் கால் தரையில் உரசும். முழங்காலை மடக்கிக்கொண்டு வருவான். மேடு வந்தால் இறங்கித் தள்ளுவான். டீக்கடையில் சிரிக்கத்தான் செய்தார்கள், கொஞ்ச நாள். அவள் காதில் வாங்கவில்லை. அவள் கவனமெல்லாம் முதுகுக்குப் பின்னால்தான். பேச்சுச் சத்தம் நின்றால் உடனே கேட்பாள்:

"மாமா, முழிச்சிகினு கீறியா?"

"கீறன், கீறன். நீ ரோட்டப் பாத்து ஓட்டு."