அப்பாவும் நானும் பிடித்த கரடி

நனைந்த அட்டைப்பெட்டிகளின் புளித்த வாடையும் வாட்டிய இறைச்சிச் சொசேஜின் புகையும் ஒன்றாக மூக்கில் ஏறினால், ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் எங்கள் ஞாயிறு தொடங்கிவிட்டது என்று பொருள். யூரோ வந்து இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருந்த காலம் அது; எனக்கு ஏழு வயது. கடைத்தெருவுக்குப் பின்னாலிருந்த வாகனத் தரிப்பிடத்தில் கூடும் பழைய சாமான் சந்தைக்கு அப்பா என்னைக் கூட்டிப்போவார். அதற்கு எங்கள் வீட்டுப் பெயர் "கரடி வேட்டை". பழைய பொம்மைக் கரடிகள்தான் எங்கள் இரை.

"கரடி முன்னுக்கு இருக்காது பிள்ளை, அடியிலதான் ஒளிச்சிருக்கும்" என்பார் அப்பா. பெட்டிகளுக்குள் தோள்வரை கைவிட்டுத் துழாவுவேன். சின்னதும் பெரியதுமாகப் பல பிடித்தோம். ஆனால் வைக்கோல் அடைத்த, சரித்தால் வயிற்றுக்குள்ளிருந்து "உர்" என்று உறுமும் ஒரு கிழட்டுக் கரடி அகப்பட்ட அன்று, அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டே வீடுவரை நடந்தார். அதற்கு ராசா என்று பெயர் வைத்தேன். கிழிந்திருந்த இடது பாதத்தை அம்மாவின் சிவப்பு நூலால் நானே கோணல்மாணலாகத் தைத்தேன். அது என் தலையணையில்தான் படுக்கும்.

ஒரு நாள் பள்ளியால் வந்தபோது ராசாவைக் காணவில்லை.

"உள்ளுக்கு வைக்கோல் உக்கிப்போச்சு பிள்ளை, திருத்தக் குடுத்திருக்கிறன்" என்றார் அப்பா. நான் தினமும் கேட்டேன். அவரும் தினமும் "நாளைக்கு" என்றார்.

அடுத்த வாரம், அப்பா வேலை செய்த சரக்குக் களஞ்சியத்தின் மேலாளர் தன் மகளின் பிறந்தநாளுக்கு எங்களை அழைத்திருந்தார். அம்மாவுக்கு அன்று வேலை. நானும் அப்பாவும்தான் போனோம். வரவேற்பறையில் அந்தச் சிறுமியின் மடியில், கழுத்தில் புது நீல நாடாவோடு, ராசா இருந்தது. பாதத்தில் என் சிவப்புத் தையல்.

"அது என்னுடைய கரடி" என்று ஜெர்மனில் சத்தமாகச் சொன்னேன். எல்லோரும் திரும்பினார்கள்.

அப்பா சிரித்தார். "இவளிடமும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது" என்று அவர்களுக்கு ஜெர்மனில் சொல்லிவிட்டு, அதே சிரிப்பு மாறாமல் என்னிடம் தமிழில், "வாயை மூடு பிள்ளை, வீட்ட போய்க் கதைப்பம்" என்றார். மேலாளரின் மனைவி, பொய் சொல்லும் குழந்தையைப் பார்ப்பதுபோல இரக்கத்தோடு என்னைப் பார்த்து, ஒரு துண்டு கேக்கை நீட்டினார். கரடி போனதைவிட, அந்தப் பார்வைக்கு அப்பா என்னை விட்டுக்கொடுத்ததுதான் எரிந்தது.

திரும்பும் ட்ராமில் அவர் யன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "வேலை நிரந்தரமாகோணும் பிள்ளை. இல்லாட்டி விசாவும் நீட்டமாட்டாங்கள். அந்தாளின்ர மகளுக்குக் கரடியெண்டால் விருப்பமாம்."

"என்னட்டைக் கேட்டிருக்கலாம்தானே?"

"கேட்டிருந்தால் குடுத்திருப்பியோ?"

"ஓம்" என்றேன். அது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் அதை நம்பினார் என்பது மட்டும், முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டதில் தெரிந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, "வேட்டைக்கு வாறியா?" என்றார். "ஏலாது" என்றேன். தனியே போய், கடையில் வாங்கியது போன்ற ஒரு வெள்ளைக் கரடியோடு வந்தார். நான் அதைத் தொடவில்லை. சில மாதங்களில் நிரந்தர ஒப்பந்தம் வந்தது, பின்னால் விசாவும். அந்தக் காகிதங்களின் பலத்தில்தான் நான் இங்கே படித்தேன், வேலை எடுத்தேன்.

சந்தை கூடிய இடத்தில் இப்போது அடுக்குமாடிகள். ஓய்வுபெற்ற அப்பா மாதத்துக்கு ஒருமுறை என் வீட்டுக்கு வருகிறார். மேசையில் கிடக்கும் பேனையை எடுப்பதென்றாலும், "எடுக்கட்டோ பிள்ளை?" என்று கேட்டுவிட்டு, நான் தலையாட்டும்வரை நிற்கிறார். அன்று ஒருமுறை கேட்டிருந்தால், என் வீட்டுக்குள் கேட்காமல் எதையும் எடுக்கக்கூடிய ஓர் அப்பா எனக்கு இருந்திருக்கலாம்.